நாளைக்கு நான் பேச மாட்டேன்

உடலைக் குளிப்பாட்ட ஆண்கள் வருவதற்குள் ஜாஸ்மின் அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில் கையை விட்டாள். பீடிக்கட்டு, தீப்பெட்டி, டயர் வால்வு மூடிகள். அதற்கும் அடியில் இருந்த செல்போன் அவள் விரல் பட்டதும் அதிர்ந்தது. அடங்கியது. மறுபடியும் அதிர்ந்தது.

வெந்நீர்க் குண்டாவை இறக்கி வைத்த பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி வந்துருச்சு" என்றாள்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜாஸ்மின் போனை உருவி, அதன் சத்தத்தை முழுக்க அடக்கி, இடுப்பில் சேலைக்குள் செருகிக்கொண்டாள். குள்ளம்மாள் அதைப் பார்த்துவிட்டு வெந்நீரை விளாவினாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பெங்களூரிலிருந்து வந்து வாசலில் இறங்கியவனுக்கு மட்டும்தான் தெரியாது.

தொப்பூர் கணவாயில் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சவுரியப்பனின் பஞ்சர் கடை இருந்தது. அன்று காலை லாரி டயர் ஒன்றைக் கழற்றிப் போட்டவர், அப்படியே பழைய டயர் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அசதியில் கண்ணை மூடியிருக்கிறார் என்று டீக்கடைக்காரர் நினைத்திருக்கிறார். டீ ஆறிப்போய் ஏடு படிந்த பிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

தம்பி மதியழகன் உள்ளே வந்தான். அப்பாவின் முகத்தையே பார்த்தபடி நின்றான். அழவில்லை. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "நைனாவோட போனு எங்கக்கா?" என்று கேட்டான்.

ஜாஸ்மின் அலமாரியைத் திறந்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியால் மூடி வைத்திருந்த போனை எடுத்துக் கொடுத்தாள். புதுக்கருக்கு மாறாத போன். சார்ஜ் நிறைய இருந்தது. மதியழகன் அதை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அந்தப் போன் அவன் செய்தது. போன் அல்ல, அதற்குள் ஓடும் மென்பொருள். அதன் பெயர் தளிர். உலகத்து செல்போன்களில் எல்லாம் இரண்டே இரண்டு பெரிய கம்பெனிகள் செய்ததுதான் உள்ளே ஓடுகிறது, அதை விட்டால் மனுசருக்கு வேறு வழியில்லை, மூன்றாவதாக ஒன்றை நம் ஊர் ஆட்களுக்காக நாங்கள் செய்கிறோம் என்று அவன் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அக்காவுக்கும் அப்பாவுக்கும் விளக்கினான். எல்லாம் தமிழிலேயே இருக்கும். எழுதத் தெரியாவிட்டாலும் வாயால் சொன்னால் போதும். யாரும் வேவு பார்க்க முடியாது. சார்ஜ் வாரக் கணக்கில் நிற்கும். இருந்த நல்ல வேலையை அதற்காக விட்டிருந்தான். நிச்சயம் ஆகியிருந்த பெண்ணும் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டாள்.

அன்று சவுரியப்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாட்ஸ்அப் எங்கே என்று கேட்டார். அது இதில் வராது என்றான் மகன். டிரைவர்கள் ஸ்கேன் பண்ணிப் பணம் போடுவார்களே என்று கேட்டார். பாங்குக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பதாகவும், முதலில் பத்து லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் என்றும் சொன்னான்.

"நல்லாத்தான்டா ரோடு போட்டிருக்க. வண்டி ஒண்ணும் வரலியே" என்றார் சவுரியப்பன்.

"கடை இருந்தாத்தான் வண்டி நிக்கும்ங்கறாங்க. வண்டி வந்தாத்தான் கடை போடுவோம்ங்கறாங்க. யாராச்சும் மொதல்ல வரணும் நைனா. நீ வா."

அவரும் ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் அதோடுதான் கடையில் உட்கார்ந்தார். ஸ்கேன் பண்ண வழியில்லாமல் டிரைவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். சாமக்கோடாங்கி போல் பேசிக்கொண்டே இருப்பவர், அந்த மாதம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்காமல் ஜாஸ்மின்தான் தருமபுரிக்குப் போய் சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள். மறுநாளே அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. தளிர் போன் மஞ்சள் துணிக்குள் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதை வெளியில் எடுத்து, துடைத்து, மகனிடம் அதில் பேசுவார். மகன் ஊருக்கு வருகிற நாட்களில் சட்டைப் பையில் அதுதான் இருக்கும்.

தம்பியிடம் சொல்லிவிட்டால் என்ன என்று ஜாஸ்மின் ஒரு முறை கேட்டாள்.

"எங்கிட்டயே தோத்துட்டான்னா அவன் வேற யாருகிட்ட போயி ஜெயிப்பான்? வுடு" என்றார்.

ஐஸ் பெட்டி வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில், கையில் சிலுவையோடு சவுரியப்பனைப் படுக்க வைத்தார்கள். பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். பின்கட்டில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக மதியழகன் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். கம்பெனியைப் போன மாதமே இழுத்து மூடியாயிற்று. நாளைக்கு வருவதாக இருந்ததும் அதை அப்பாவிடம் நேரில் சொல்லத்தான்.

"வாங்குனவங்க எல்லாருமே தூக்கிப் போட்டுட்டாங்கக்கா. நைனா ஒருத்தருதான் வுடல."

ஜாஸ்மின் தொட்டித் தண்ணீரில் மிதந்த வேப்பிலையை எடுத்து எறிந்தாள்.

அவன் மேலும் சொன்னான். ஆபீஸ் சுவரில் அப்பாவின் படத்தைத்தான் பெரிதாக மாட்டியிருந்தானாம், கிரீஸ் கையில் தளிர் போனோடு சிரிக்கிற படம். பணம் போட வருகிறவர்களிடம் அதைக் காட்டி, இவர் பஞ்சர் கடைக்காரர், இங்கிலீஷ் தெரியாது, இவர் பிழைப்பு முழுக்க இதில்தான் ஓடுகிறது என்பானாம். கூட வேலை செய்தவர்கள் போகிறேன் என்றபோதும் அதையே காட்டித்தான் நிறுத்தி வைத்தானாம்.

இடுப்பில் இருந்த போன் ஜாஸ்மினுக்குச் சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து செபமாலைக்குப் போய்விட்டாள். தினமும் மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டு போனது அவள்தான். அந்தப் படத்தில் அவளுக்கு இடமில்லை என்று அப்போது தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

மறுநாள் காலையிலிருந்து லாரிகள் வந்தன. ஊருக்குள் நுழைய முடியாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, டிரைவர்கள் மாலையோடு நடந்து வந்தார்கள். நாமக்கல் ஆள், கர்நாடகத்து ஆள், தலைப்பாகை கட்டிய ஒருவர் கூட. பலர் சவுரியப்பனை அதுவரை பார்த்ததில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் குனிந்து, இவர்தானா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மதியழகன் பந்தலில் எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டான். இத்தனை பேருக்கு அப்பாவை எப்படித் தெரியும் என்று அவனுக்குப் புரியவில்லை. கோவிந்தன் என்ற வயதான டிரைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குரலுதாங்க தம்பி பழக்கம். தெனமும் காலைல எங்க வாட்ஸ்அப்பு குரூப்புல உங்க நைனா பேசுறதைக் கேட்டுட்டுத்தான் நாங்க எறக்கத்துல வண்டிய வுடுவோம். எத்தன பேரு உசுரு பொழச்சிருக்குதோ."

ஜாஸ்மின் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்தாள். அவள் பந்தலுக்கு வருவதற்குள் கோவிந்தன் தன் போனை எடுத்துவிட்டிருந்தார்.

"நேத்து கடைசியா பேசுனது. கேளுங்க."

சவுரியப்பன் பேசினார். பந்தலில் சளசளப்பு அடங்கியது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. தூறல் போட்டு ரோடு நனைஞ்சு கெடக்குது. ரெண்டாவது வளைவுல ஒரு ட்ரெய்லரு நிக்குது, எடது பக்கமா ஒதுங்கி வாங்க. நியூட்ரல்ல வுடாதீங்க சாமி, கியர்லயே எறங்குங்க. அப்பறம், நாளைக்கு எம் மவன் வர்றான். நாளைக்கு நான் பேச மாட்டேன். ஆராச்சும் பாத்துச் சொல்லிக்குங்க."

முடிந்ததும் கோவிந்தன் கண்ணைத் துடைத்தார். "நீங்க வர்ற நாள்ல மட்டும் பேச மாட்டாருங்க. மவனோட இருக்கோணும்னு அவ்வளவு ஆசை" என்றார்.

மதியழகன் தலையை ஆட்டினான். கையைக் கூப்பியபடியே நின்றான். பிறகு பந்தலைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனான். ஜாஸ்மினும் பின்னால் போனாள்.

"எத்தன நாளாக்கா?"

"நீ குடுத்ததுக்கு மறுமாசத்துலேருந்து."

"வாங்கிக் குடுத்தது நீயா?"

"நான்தான்."

அவன் சிரித்தான். சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று. "என்னை நம்பி எத்தன பேரு வூட்டுக்குச் சம்பளம் கொண்டு போவாம உக்காந்திருந்தாங்க, தெரியுமா? இவரைக் காட்டித்தான் உக்கார வெச்சேன். சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா?"

ஜாஸ்மினுக்கு அப்போது நிறுத்த முடியவில்லை.

"ஒரு மனுசரும் இல்லாத ஊருல போயி அவரைக் குடி வெச்சிட்ட, மதி. ஊரு நல்ல ஊருதான். நீ கட்டுனதுல கொறையே இல்ல. ஆனா அவரு அங்க ஆருகிட்டப் பேசுவாரு? நீ வர்றப்பல்லாம் ஓடிப் போயி அங்க உக்காந்துக்குவாரு. நீ போனதும் எந்திரிச்சு வந்துருவாரு. அதுக்கு மேல அவரால என்ன பண்ண முடியும்?"

மதியழகன் சுவரில் கையை ஊன்றி நின்றான். முன்பக்கம் மாதா கோயில் சாமியார் வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள். அதன் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. பெட்டி மூடும்போது பேசவில்லை. கல்லறையில் அவளுக்கு முன்னால் நின்று மண்ணைப் போட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தது. டிரைவர்கள் வண்டிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மதியழகன் வீட்டுப் பக்கம் போகாமல் நெடுஞ்சாலையை நோக்கி வேகமாக நடந்தான். ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்து ஜாஸ்மினும் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

கோவிந்தனின் லாரிக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"அந்தக் கடைசியா பேசுனது எனக்கு வேணுங்கண்ணா."

"நம்பரு சொல்லுங்க தம்பி, இப்பவே அனுப்பிடறேன்."

மதியழகன் தன் கையிலிருந்த தளிர் போனைப் பார்த்தான். "இதுல வராதுங்க."

"வாட்ஸ்அப்பு வராதா?" கோவிந்தன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அப்பறம் அதை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?"

ஜாஸ்மின் இடுப்பிலிருந்த அப்பாவின் போனை எடுத்து நீட்டினாள். "இதுல எல்லாம் இருக்குது மதி. இத்தன வருசமா பேசுனது அம்புட்டும். எடுத்துக்க."

அவன் அதைப் பார்த்தான். கண்ணாடியில் கிரீஸ் விரல் தடம் அப்படியே இருந்தது. கை நீட்டவில்லை.

"அது நீ அவருக்கு வாங்கிக் குடுத்தது. நீயே வெச்சுக்கக்கா."

பிறகு கோவிந்தனிடம் திரும்பி, "ஒருக்கா போடுங்கண்ணா. நான் இதுல ரெக்கார்டு புடிச்சுக்கறேன்" என்றான்.

கோவிந்தன் போனை நீட்டினார். மதியழகன் தன் தளிர் போனை அதன் வாயோடு ஒட்டிப் பிடித்தான். சவுரியப்பன் வணக்கம் சொல்லத் தொடங்கியபோதே ஒரு ட்ரெய்லர் அவர்களை உரசுவதுபோல் கடந்து போனது. அது போய் முடிவதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது. மதியழகன் தான் பிடித்ததைக் காதில் வைத்துக் கேட்டான். லாரி இரைச்சல்தான் இருந்தது.

"இன்னொருக்காங்கண்ணா."

கோவிந்தன் மறுபடி போட்டார். ஒரு டேங்கர் வந்தது. அதன் பின்னால் கரும்பு லோடு. இருவரும் குனிந்து, இரண்டு போன்களையும் உள்ளங்கையால் மூடி, அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். வண்டிகள் இடைவெளி விடாமல் வந்துகொண்டிருந்தன.

"பரவால்லீங்க தம்பி, இருங்க. ஒண்ணு போவட்டும்" என்றார் கோவிந்தன்.