தீவில் தண்ணீருக்குக் குறைவில்லை

டயாலிசிஸ் அறையில் யாரும் யாரிடமும் உடம்பைப் பற்றி விசாரிப்பதில்லை. தெரிந்ததையே கேட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் நாங்கள் விளையாட்டைப் பற்றிப் பேசுவோம். ஊசி குத்தி, குழாய் மாட்டி, ரத்தம் மிஷினுக்குள் போய்த் திரும்பத் தொடங்கியதும் ஆளாளுக்குப் போனை எடுத்துவிடுவோம். நாலு மணி நேரம் ஒரு கை அசையக் கூடாது. சும்மா கிடக்கும் இன்னொரு கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அறையில் எல்லோருக்கும் ஆபரேட்டரம்மா. என் போனில் நான் ஓர் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தேன். தலை பலூன் மாதிரி வீங்கியவன், காதிலிருந்து புகை விடுகிறவன் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். விரலால் தொட்டால் குணமாகி, ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டு போவார்கள்.

"அதுல கிட்னிக்கு வார்டு இருக்கா?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலி டிரைவர்.

"இல்லை. குணமாகிற வியாதியாப் பார்த்துத்தான் வெச்சிருக்கான்."

மிஷினில் எதையோ திருகிக்கொண்டிருந்த சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "நர்சுங்க உட்கார ஒரு சேராவது போட்டிருக்கீங்களா?"

"எங்க? ஓடிக்கிட்டேதான் இருக்காங்க."

"அப்ப அதை மட்டும் நிஜமாப் பண்ணியிருக்கான்."

எதிர் நாற்காலியில் ஒரு வக்கீல். அவருக்குக் கார் பந்தயம். முதல் அரைமணி எல்லோரையும் முந்திக்கொண்டு போவார். பிறகு மயக்கமாகத் தூக்கம் வந்துவிடும். அவர் வாய் பிளந்து தூங்க, கார் பள்ளத்தில் கவிழ்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டிரைவர் முதலில் ஒரு லாரி விளையாட்டு வைத்திருந்தார். நிஜத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். வியாதி வந்தபின் கம்பெனி சாவியை வாங்கிக்கொண்டது. அந்த விளையாட்டை இரண்டே தடவையில் அழித்துவிட்டார். "தூ, இதெல்லாம் ஒரு லாரியாம்மா? முழு லோடோட மேடு ஏறுது, எஞ்சின் ஒரு முனகல் முனகணும்ல? ரோட்டுல ஒரு குழி கிடையாது. டீ குடிக்க நிறுத்த இடமில்லை. இதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினா, நான் நிஜமா ஓட்டினதே மறந்து போயிடும்."

அதன் பிறகுதான் அவருடைய தம்பி அந்தத் தீவைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். தம்பி ஏசி மெக்கானிக். அண்ணனைவிடப் பத்து வயது சின்னவன். கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கிய இரண்டு பேர், குளிரிலிருந்தும் பசியிலிருந்தும் ஓநாய்களிடமிருந்தும் தப்பிப் பிழைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. ஒருவர் இந்தப் போனில், இன்னொருவர் அந்தப் போனில். தம்பி தன் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டுக்குள் வந்துவிடுவான். அண்ணனுக்கு ஒரு கை மட்டும்தான் என்பதால் ஓநாய்களைத் தம்பி பார்த்துக்கொள்வான். விறகு பொறுக்குவதும் நெருப்பு அணையாமல் பார்ப்பதும் அண்ணன் பொறுப்பு. போன் ஸ்பீக்கரில் தம்பியின் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"அண்ணா, தண்ணி குடி. உன் நீலக் கோடு குறையுது."

திரையின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு உண்டு. அது தாகம். எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்தான் அளவு. நாக்கு ஒட்டிக்கொண்டால் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். வருகிற அன்று எடை கூடியிருந்தால், "எங்க திருடிக் குடிச்சீங்க?" என்று சிஸ்டர் மிரட்டுவாள். தீவில் டிரைவர் ஓடைக்கரையில் மண்டியிட்டுக் குடிப்பார். கோடு நிறைந்த பிறகும் குடிப்பார். மடக் மடக்கென்று சத்தம் வரும். வக்கீல்கூடத் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"போதும்ண்ணா, ஓடை வத்திடப் போகுது!" என்பான் தம்பி.

அந்தத் தம்பிதான் தன் கிட்னி ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தான். டாக்டர் அறையில், அண்ணி முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால், "நான் இருக்கும்போது எதுக்கு வெளிய தேடணும்?" என்று கேட்டானாம். டிரைவர் இதை எங்களிடம் சொல்லாத நாளே கிடையாது. எல்லாச் சோதனையும் பொருந்திவிட்டது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

"நீர் கொடுத்து வெச்சவர்யா" என்றார் வக்கீல். அவர் குரலில் பொறாமை இருந்தது. என் மனசிலும் இருந்தது. எனக்கு அப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லை.

நாள் நெருங்க நெருங்கத் தம்பி தீவுக்கு வருவது நின்றது. முதலில் வேலை அதிகம் என்றான். பிறகு போன் கெட்டுவிட்டது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் காய்ச்சல் என்று தகவல் வந்தது. டாக்டர்கள் நாளைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த நாளும் வந்து போனது.

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குக் காய்ச்சல் வந்தா லேசுல விடாது" என்று வராந்தாவில் டிரைவரின் மனைவி என்னிடம் சொன்னாள். அவள் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள். கொழுந்தன்மேல் அவளுக்குச் சந்தேகம் என்ற பேச்சே இல்லை.

டிரைவர் தனியாகவே தீவுக்குள் போய்வந்தார். ஒருநாள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். குடிசை வாசலில் விறகு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. சுற்றிலும் ஓநாய் தாண்ட முடியாத வேலி. உள்ளே கொடியில் இறைச்சி காய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க பண்ணினதா?"

"என் ஒரு கைக்கு இவ்வளவு எங்க முடியும்? போன தடவை நான் விட்டுட்டுப் போனப்ப வேலியே இல்லை."

"வேற யாராவது உள்ளே வர முடியுமா?"

"ரகசிய நம்பர் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் போனை மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.

அடுத்த வாரம் மிஷின்களுக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் பிளான்ட் பழுதாகிவிட்டது. எங்கள் மதிய ஷிப்டைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். டிரைவர் வழக்கம்போலத் தீவைத் திறந்தார். ஓடைக்கரையில் தம்பியின் உருவம் குனிந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தது.

"டேய்" என்றார்.

உருவம் அப்படியே நின்றது. ஸ்பீக்கரில் பட்டறைச் சத்தம் மட்டும் வந்தது. எங்கோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா... இந்த நேரத்துல நீ இருக்க மாட்டியே?"

"நேரத்தை மாத்திட்டாங்க. காய்ச்சல் எப்படி இருக்கு?"

உருவம் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தது.

"காய்ச்சல் எதுவும் இல்லைண்ணா. ஆபரேஷன் தியேட்டரைக் காட்டுறோம்னு கூட்டிட்டுப் போனாங்க. அந்த மேஜையைப் பார்த்ததும் ஓடி வந்துட்டேன். என் பொண்டாட்டிக்கு ஆறாம் மாசம். அவங்கப்பா ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் போய் மேஜையிலேயே போனவரு. 'நீ போய்ப் படுத்தா நான் இங்க இருக்க மாட்டேன்'னு அழறா. அவ மேல பழி போடலைண்ணா. அவ சரின்னு சொன்னாக்கூட என்னால முடியாது. எனக்கே பயம்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? அத்தனை பேர் முன்னாடி மார்தட்டிக்கிட்டு நின்னியே, அப்ப எங்கடா போச்சு உன் பயம்?" டிரைவரின் குரல் ஏறிக்கொண்டே போனது. "நான் உன்கிட்ட வாயைத் திறந்து கேட்டேனா? நீயாக் குடுத்தே. நீயாப் பிடுங்கிக்கிட்டே. நாள் எண்ணிக்கிட்டிருந்தேன்டா நான்! விறகு அடுக்கி வெச்சா எல்லாம் சரியாயிடுமா? வேலி கட்டினா நான் பொழச்சுக்குவேனா? சொல்றா!"

"அண்ணா, கத்தாதே, உனக்கு ஆகாது..."

"எனக்கு எது ஆகும் ஆகாதுன்னு நீ—"

வார்த்தை பாதியில் நின்றது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கண் மேலே செருகியது. மிஷின் அலற ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்து நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள். கால்மாட்டை உயர்த்தினாள். இன்னொருத்தி சலைன் பாட்டிலோடு வந்தாள். பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிட்டது. போன் அவர் மடியிலிருந்து சரிந்து, எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே தரையில் விழுந்தது.

"அண்ணா? அண்ணா! என்னாச்சு? யாராவது இருக்கீங்களா? அண்ணா!"

என் கையில் ஊசி. எட்டி எடுக்க முடியாது. வேலையில் இருந்த காலத்தில் பேசிய அதே குரலில் தரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "லைன்ல இருங்க. உங்க அண்ணனுக்கு உயிர் இருக்கு. சிஸ்டர் பார்த்துக்கிட்டிருக்காங்க. லைனைக் கட் பண்ணாதீங்க."

"யாரு பேசறது?"

"பக்கத்து நாற்காலி. மூச்சு விடுறார். இதோ, கண்ணைத் திறந்துட்டார். அழாதீங்க. லைன்ல இருங்க."

அவன் லைனில் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டறைச் சட்டையோடு, கையெல்லாம் கிரீஸோடு அறை வாசலில் வந்து நின்றான். அதுவரை குரலாக மட்டுமே தெரிந்தவன். நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னவனாக இருந்தான். வெளியே உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து, "காய்ச்சல் விட்டுடுச்சா தம்பி? ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டே?" என்று அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். டிரைவரும் பார்த்தார்.

அன்று குழாயைக் கழற்றியதும் அவர் நேராக டாக்டரிடம் போனார். மறுநாள் டாக்டர், அவர் கேட்டுக்கொண்டபடியே, டிரைவரின் மனைவியைக் கூப்பிட்டு, தம்பியின் கிட்னியில் ஒரு சின்னக் குறை தெரிகிறது, எடுப்பது இரண்டு பேருக்குமே ஆபத்து என்று சொன்னார். அவள் அழுதுவிட்டு, "அவனுக்காவது ஒண்ணும் ஆகாம இருக்கணும்" என்றாளாம். டிரைவரின் பெயரை, இறந்தவர்களிடமிருந்து கிட்னி கிடைக்கக் காத்திருப்பவர்களின் வரிசையில் சேர்த்தார்கள். அது எவ்வளவு நீளமான வரிசை என்று எங்களுக்குத் தெரியும்.

"வீட்டுக்காரிக்கு இது தெரியவே கூடாதும்மா" என்றார் என்னிடம். "தெரிஞ்சா அவன் மூஞ்சியில முழிக்க மாட்டா."

"நீங்க அவனை மன்னிச்சுட்டீங்களா?"

"அட நீங்க வேற. சில நாள் அவன் குரலைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது." போனில் நெருப்பு மூட்டிக்கொண்டே சொன்னார். "ஆனா அவனையும் விட்டுட்டா நான் யார்கூட ஆடுறது?"

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆடினார்கள். சண்டையும் போட்டார்கள். டிரைவர் சில நாள் வேண்டுமென்றே ஒரு வார்த்தை பேசாமல் நாலு மணி நேரத்தையும் ஓட்டுவார். தம்பி மட்டும் தனக்குப் பெண் பிறந்ததையும், அது குப்புற விழுந்ததையும், தவழ்ந்ததையும் சொல்லிக்கொண்டே ஓநாய்களை விரட்டுவான். சில நாள் இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தீவின் மறுகரையில் ஒரு படகு கட்ட ஆரம்பித்தார்கள். வக்கீலுக்கு அதில் இருந்த அக்கறை தன் கேஸில்கூட இருந்ததில்லை. "பாய்மரம் ஏத்தியாச்சா?" என்று வந்ததும் கேட்பார்.

மழைக்காலத்தில் டிரைவரின் கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி ஏறிவிட்டது. குளிர்காய்ச்சலில் பற்கள் கிட்டிக்க, சக்கர நாற்காலியில் அவரைக் கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு நாள் நான் வந்தபோது சிஸ்டர் பக்கத்து நாற்காலியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வக்கீல் அன்றைக்குப் போனையே எடுக்கவில்லை.

நானும் வக்கீலும் ஒரு வாடகைக் கார் பிடித்து அந்த வீட்டுக்குப் போனோம். மாடியில் இரண்டே அறை. உட்கார இடமில்லாமல் ஆட்கள் படிக்கட்டிலும் நின்றார்கள். தம்பி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி. டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு தம்பியை அருகில் கூப்பிட்டாள்.

"இவங்க முன்னாடி சொல்றேன் தம்பி. உன்னோடது சேராமப் போச்சு, அது அவர் விதி. ஆனா குடுக்க வந்தே பாரு, அந்த மனசு யாருக்கு வரும்? கடைசி வரைக்கும் ஒரு நாள் விடாம அவர்கூடப் பேசிக்கிட்டு இருந்தே. கூடப் பொறந்தா உன்னை மாதிரிப் பொறக்கணும்."

தம்பியின் வாய் திறந்தது. "அண்ணி, அது வந்து..." என்றான். அவன் மனைவி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சொல் என்றும் காட்டவில்லை, சொல்லாதே என்றும் காட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லை அண்ணி."

அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவன் அதைத் தாங்க முடியாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். கீழே கேட் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பாவம், ரொம்ப ஒடிஞ்சு போயிட்டான்" என்றாள் அவள் என்னிடம். "நீங்களாவது அவனுக்கு அப்பப்ப போன் பண்ணி ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசுங்கம்மா."

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.