உறையக் கூடாத மருந்து

திங்கட்கிழமை காலை நிர்மலாதேவி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, அன்றைய ஊசிக்கு மதுரையிலிருந்து வரவழைத்த மருந்துப் பெட்டி இருந்த தட்டில் மங்குஸ்தான் பழங்கள் நிறைந்திருந்தன. பெட்டியோ மேலே ஃப்ரீசரில், ஐஸோடு ஐஸாக ஒட்டிக் கிடந்தது. பிய்த்து எடுத்துப் பார்த்தாள். இரண்டு குப்பிகளிலும் சிவப்பு மருந்து கல்லாக இறுகியிருந்தது.

"என்ன தேடுத நிர்மலா? மருந்தா? நாந்தான் மேல எடுத்து வச்சேன்" என்றார் நாத்தனார் வள்ளித்தாய். "மருந்துன்னா நல்லாச் சில்லுன்னு இருக்கணும்லா? பழத்துக்கும் எடமில்லாமக் கெடந்துச்சு."

வள்ளித்தாய் ராயகிரியிலிருந்து குடும்பத்தோடு சனிக்கிழமையே வந்துவிட்டார். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் பக்கத்து மேலகரத்தில் வீடு வைத்திருப்பவர்களிடம் விருந்தினர் யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சீசனுக்கு வந்தவர்களிடம் முகம் கோணக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். நிர்மலாதேவியும் கோணவில்லை. குப்பிகளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, கணவர் மாரிராஜ் போலீஸ் சீருடை அணிந்துகொண்டிருந்த அறைக்குப் போனாள்.

"ஏங்க, மருந்து உறைஞ்சிட்டு."

"அதுக்கு?"

அதற்கு என்ன என்பதை டாக்டர் முத்துக்குமாரசாமி இருவரையும் உட்கார வைத்துத்தான் சொல்லியிருந்தார். மாரிராஜ் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கொழுப்பு இருக்கே, தண்ணியில சேர்ந்தா அதுவாவே ஒண்ணுகூடி உருண்டை உருண்டையா ஆயிரும்மா. யாரும் உருட்ட வேண்டாம். ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள ஆயிரம் உருண்டை வரிசையா நிக்கும். அதுக்குள்ளதான் மருந்தை அடைச்சிருக்காங்க. பெரும்பாலும் கட்டி இருக்குற எடத்துல போய்த்தான் கசியும். உறைஞ்சா உருண்டை ஒடைஞ்சிரும். அப்புறம் இது நீங்க முன்னால போட்ட பழைய மருந்து மாதிரிதான். அதை உங்க இதயம் இனிமே தாங்காது."

பழைய மருந்து அவளுடைய மார்புக் கட்டியைக் கரைத்ததோடு நிற்காமல் இதயத்தையும் பதம் பார்த்திருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. இப்போது கட்டி மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. மிஞ்சியிருந்த வழி இந்த மருந்து ஒன்றுதான். அவள் டாக்டர் சொன்னதையெல்லாம் மெல்லிய குரலில் திருப்பிச் சொன்னாள்.

"மெதுவாப் பேசுட்டி. அக்கா காதுல விழுந்தா என்ன நெனைப்பா?" மாரிராஜ் குப்பிகளை வாங்கி, அக்கா குளிக்க வைத்திருந்த வெந்நீரில் போட்டார். சற்று நேரத்தில் எடுத்து அவள் கண்ணெதிரே ஆட்டினார். "பாத்தியா? அப்படியேதான இருக்கு?"

"உருண்டை ஒடைஞ்சது கண்ணுக்குத் தெரியாதாம்."

"கண்ணுக்கே தெரியாததுக்கா இந்த ஒப்பாரி? எங்க அக்கா மருந்தைக் கெடுத்தான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. ஆஸ்பத்திரில போய் வாயத் தொறந்தே, நடக்குறதே வேற."

தென்காசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அலிமா குப்பிகளை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "எங்கயும் உறையலல்லா சார்?"

"ஃப்ரிட்ஜுலதான் இருந்துச்சு" என்றார் மாரிராஜ்.

"உறைஞ்சிட்டும்மா" என்றாள் நிர்மலாதேவி.

மாரிராஜ் பெரிதாகச் சிரித்தார். "ஊசின்னா இவளுக்கு உதறல் எடுத்துரும். போன தடவை காய்ச்சல்னா. இந்தத் தடவை இது. நீ போடும்மா, நான் பதினோரு மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும்."

அலிமா காக்கிச் சட்டையையும் பார்த்தாள், நிர்மலாதேவியின் முகத்தையும் பார்த்தாள். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் சார்" என்றாள்.

"போலீஸ்காரன் சொல்லுதேன், நம்பிக்கையில்லையோ? ஒன் பேரு என்ன? எந்த ஊரு ஒனக்கு?"

அலிமாவுக்கு முகம் செத்துவிட்டது. இரண்டு முறை கூப்பிட்டும் டாக்டர் எடுக்கவில்லை. குப்பிகளைத் தட்டில் வைத்துவிட்டு, ஊசியின் உறையைப் பிரிக்கத் தொடங்கினாள். இந்தப் பெண் போட்டுவிடுவாள் என்று நிர்மலாதேவிக்குத் தெரிந்துவிட்டது.

திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் கணவர் முன்னால் ஒரு தம்ளரைக்கூட ஓசைப்பட வைத்தறியாதவள், தட்டிலிருந்த குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டிலின் இரும்புக் காலில் ஓங்கி அடித்தாள். தரையெல்லாம் சிவப்பு தெறித்தது.

"யாரும் மிதிக்காதீங்க! விஷ மருந்து, தொடாதீங்க!" என்று அலிமா கத்தி, எல்லோரையும் வெளியே தள்ளினாள்.

வராந்தாவில் மாரிராஜ் நிர்மலாதேவியின் மேல்கையைப் பிடித்து நெரித்தார். பிறர் கண்ணில் படாதபடி நெரிக்க அவருக்குத் தெரியும். "சாவு. ஒனக்கு அதுதான வேணும்?"

அரை மணி கழித்து டாக்டர் வந்தார். நடந்ததைக் கேட்டு முதலில் அலிமாவைத் திட்டினார். பிறகு நிர்மலாதேவியின் அருகில் வந்து, "நீங்க செஞ்சது சரிதான். ஆனா மதுரையில இருந்து மறுபடி வரணும்னா மூணு வாரம் ஆகும்மா" என்றார். அதுவரை கட்டி என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். "வளரத்தான் செய்யும்" என்றார் அவர்.

காரில் ஏறியதும் மாரிராஜ், இன்று வேலைக்கு வரவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டார். "கை நடுங்கி ரெண்டையும் கீழ போட்டு ஒடைச்சுட்டாக்கா."

வள்ளித்தாயின் குரல் கார் முழுவதும் கேட்டது. "நான் பத்திரமா ஐஸ்ல வச்சுக் குடுத்தேன். இவளுக்கு ரெண்டு பாட்டிலைப் புடிக்கத் துப்பில்லையால? சரி, நீ இன்னைக்கு வேலைக்குப் போகலல்லா, எங்கள ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போ. தண்ணி நல்லா விழுதாம். கெளம்பி நிக்கோம்."

நிர்மலாதேவியை வீட்டில் இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தருவியில் ஆறு பேருடைய துணிகளும் கைபேசிகளும் அவள் மடிக்கு வந்தன. செருப்புகள் காலடியில் குவிந்தன. அவள் இடது மார்பின் ஓரத்தில் சேலைக்குள் இரு விரல்களை வைத்து, கட்டியின் அளவை மெல்லத் தடவிப் பார்த்தாள். இன்று இவ்வளவு. இருபத்தோராம் நாள் எவ்வளவோ.

வள்ளித்தாய் சொட்டச் சொட்ட வந்து நின்றார். முகத்தில் அவ்வளவு நிறைவு.

"இன்னைக்குத்தான் ஊசி போடலையே நிர்மலா, நீயும் வந்து அருவியில தலையக் காட்டேன்" என்றார்.

நிர்மலாதேவி சேலையிலிருந்து விரல்களை எடுத்து, குவியலுக்குள் அவருடைய துண்டைத் தேடிக் கொடுத்தாள்.