பக்கம் திருப்ப ஓர் இடம்

என் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் அறைக்குள் வந்து, தோளில் வயோலாப் பெட்டி தொங்கத் தொங்க, மூன்று தாள்களை என் கீபோர்டு மேல் போட்டாள்.

"உன் பேப்பரால என் மானம் போச்சு" என்றாள்.

தண்ணீர் கொண்டுவரலாம் என்று எழுந்த என் மனைவி, பாதி எழுந்தபடியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தால் அடி யாருக்கு விழும் என்று அவளுக்கு அனுபவம் உண்டு.

விஷயம் இதுதான். அக்கா வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு இசைத்தாள் அடித்துக் கொடுப்பது நான். குழுவில் இரண்டு வயோலா, வயலின் மாதிரியே ஆனால் கொஞ்சம் பெரிய வாத்தியம். முதல் வயோலா அக்கா. இரண்டாவது, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண். ஆளுக்கு ஒரு ஸ்டாண்ட், ஆளுக்கு ஒரு தாள். இப்போது எடுத்திருக்கும் பாட்டில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கிப்போக முதல் வயோலா மட்டும் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று வருகிறது. இத்தனை வருடமும் கூட்டத்தோடு கூட்டமாக வாசித்தவளுக்குக் கிடைத்த முதல் தனி. சேதி தெரிந்த அன்று அவள் எனக்குப் போன் செய்து சிரித்துக்கொண்டே இருந்தாள், என்ன விஷயம் என்று சொல்லவே அரை நிமிஷம் ஆனது. அந்தத் தனியில்தான் இரண்டு ஒத்திகையிலும் ஒரே இடத்தில் தடுக்கியிருக்கிறாள். குழுவை நடத்தும் மாஸ்டர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டாராம்: "அடுத்த ரிகர்சல்லயும் இப்படின்னா தனியை நெட்டை வாசிக்கட்டும்."

"அதுக்கு என் பேப்பர் என்ன பண்ணுச்சு?" என்றேன்.

"தனி நடுவுல பக்கம் திருப்ப வெச்சிருக்கே. ஒரு கையில வில்லு, ஒரு கை தந்தி மேல. எதால திருப்புறது, மூக்காலயா?"

தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் விரித்து வைத்தால் ஒரே பார்வையில் தெரியும். மூன்றாவதுக்குப் போகத்தான் திருப்ப வேண்டும். தனி இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் ஆரம்பித்து மூன்றாம் பக்கத்துக்குத் தாவியிருந்தது. அவள் சொன்னது நியாயம். நியாயம் அவள் பக்கம் இருந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

"சரி, கத்தாதே. மாத்தித் தர்றேன்" என்றேன்.

"மாத்தித் தர்ற மாதிரியா மூஞ்சி இருக்கு?" என்றாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

நான் பயன்படுத்தும் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மவுஸால் நோட்டை இழுத்து வைக்க முடியாது. எல்லாமே எழுத்து. எந்த ஸ்வரம், எத்தனை நீளம், எங்கே ஓய்வு என்று வரி வரியாகத் தட்டி ஓட்டினால், பக்கத்தை அதுவே அழகாகக் கோத்துக் கொடுக்கும். கொடுக்காவிட்டால் ஏன் என்று நாம்தான் எழுத்துக்குள் தேட வேண்டும். என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'உங்க ரெண்டாம் தாரம்'. முதல் தாரத்திடம் இவ்வளவு பொறுமையாக நான் பேசியதில்லை என்று அவள் சொல்வதிலும் தப்பில்லை.

முதலில் சோம்பேறித்தனமாக, நோட்டுகள் உட்காரும் ஐந்து கோட்டின் அளவைச் சுருக்கித் தனியை முழுக்க இரண்டாம் பக்கத்துக்குள் திணித்தேன். திணித்து, ஒரு படியை அக்காவுக்கு அனுப்பினேன்.

"என்னடா இது, நோட்டா? சர்க்கரை டப்பாவைத் திறந்து வெச்ச மாதிரி ஒரே எறும்பு" என்று பதில் வந்தது.

அடுத்து, தனிக்கு முன்னால் பக்கத்தை முறி என்று கட்டளை போட்டேன். முறித்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் மிச்சம் இருந்த வரிகளைப் பக்கம் முழுக்க நிரவிவிட்டது. ஒவ்வொரு வரியும் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதைச் சுருட்டி மேலே தள்ள ஒரு கட்டளை உண்டு, தள்ளினேன். பார்க்க நன்றாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, தனிக்கு முன்னால் ஓய்வே கிடையாது. மூச்சுவிட நேரமில்லாத இடத்தில் பக்கம் திருப்பு என்று வைத்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

திருப்புவதற்கு ஒழுங்கான இடம் ஒன்றுதான் இருந்தது. தனிக்குச் சில வரிகள் முன்னால் வயோலாக்களுக்குப் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம், ஓய்வு. இசைத்தாளில் அத்தனை காலி பாரையும் வரைய மாட்டார்கள். தடிமனாக ஒரு கோடு, மேலே 12 என்று ஓர் எண். வாசிப்பவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் பக்கத்தைத் திருப்பலாம், மூக்கைச் சொறியலாம், பக்கத்தில் இருப்பவரை முறைக்கலாம். அந்த ஓய்வின் நடுவில் முறி என்று எழுதி ஓட்டினேன். முறியவில்லை. திரும்ப எழுதினேன். எச்சரிக்கைகூட வரவில்லை, கண்டுகொள்ளவே இல்லை. சொன்னதைக் காதில் வாங்காமல் போவதில் அது என் அக்காவோடு பிறந்தது.

ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் விளங்கியது: ஒரே கட்டியாக எழுதிய ஓய்வை அது நடுவில் வெட்டாது. இரண்டு துண்டாக எழுதிக் கொடுத்தால்தான் இடையில் பக்கம் முறியும். எழுதிக் கொடுத்தேன். முறிந்தது. முதல் இரண்டு பக்கம், திருப்பினால் அடுத்த இரண்டு பக்கம், தனி முழுவதும் ஒரே பார்வையில். நான் நாற்காலியில் சாய்ந்து, "வாடி என் ராஜாத்தி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னைத்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனாள்.

மறுநாள் அக்கா வந்தாள். தாளை ஸ்டாண்டில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஏழும் நாலும் எத்தனைடா?"

"பதினொண்ணு."

"பன்னெண்டு இருக்கணும்ல? ஒரு பாரை முழுங்கிட்டே! பாத்தியா, பேப்பர்லதான் தப்பு! நான் சொல்லலை?"

வெட்டி ஒட்டும்போது ஒரு பார் கையோடு போய்விட்டது. பக்கத்தைச் சரிசெய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. பக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்போம், பாட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் சந்தோஷப்பட்ட விதம்தான் எனக்குப் புரியவில்லை. லாட்டரி விழுந்தவள் மாதிரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாஸ்டர்கிட்ட நீயே சொல்லிடுடா. பேப்பர்ல தப்பு இருந்துச்சு, அதான் அக்கா தடுக்கினான்னு."

"அக்கா, இது நான் நேத்து பண்ண தப்பு. நீ ரிகர்சல்ல வெச்சிருந்த பேப்பர்ல பன்னெண்டு சரியாத்தான் இருந்துச்சு."

கையை எடுத்துக்கொண்டாள். பிறகு தனியில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க மேல ஒரு 4 போட்டிருக்கே, அது எதுக்கு? கசகசன்னு இருக்கு. எடுத்துடு" என்றாள். அது எந்த விரலால் அமுக்க வேண்டும் என்று பாட்டை எழுதியவரே போட்ட எண். நான்கு என்றால் சுண்டு விரல். வளைகோடு ஒன்று அதன் மேல் உரசிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துவிட்டேன். கோட்டின் வளைவையும் கொஞ்சம் தூக்கிவிட்டேன்.

விட்டுப்போன பாரைச் சேர்த்து ஏழை எட்டாக்கினேன், ஒத்திகைக்கு முந்தைய நாள் எல்லாம் முடிந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அப்படி ஒரு பக்கத்தை நான் அதற்கு முன்னால் அடித்ததில்லை. எதுவும் எதையும் இடிக்கவில்லை. வரிக்கும் வரிக்கும் காற்று இருந்தது. தனியின் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் முடிந்தது. கெட்டித் தாளில் எடுத்து, ஒட்டி, அக்காவை வரச் சொன்னேன்.

அவள் ஸ்டாண்டை ஜன்னலோரம் போட்டாள். வயோலாவைச் சுருதி சேர்த்தாள். தாளை அடுக்கினாள். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கதவோரம் நின்றாள். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓய்வில் எண்ணி, பக்கத்தைத் திருப்பி, மீதி நான்கையும் எண்ணி உள்ளே வந்தாள். நான் நினைத்த மாதிரியே எல்லாம் நடந்தது. தனி ஆரம்பித்தது. இரண்டாவது வரியின் கடைசியில் தடுக்கியது. நின்றாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

இன்னொரு தடவையும் அதே இடம். மூன்றாவது தடவை நான் தாளை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். தனி ஆரம்பித்ததிலிருந்து திறக்கவே இல்லை. அதே இடத்தில் தடுக்கியது.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"நீ பாக்கவே இல்லையே! எங்க பக்கம் முடியுது, எங்க திருப்பணும்னு வாரம் பூரா என் உயிரை எடுத்துட்டு, கண்ணை மூடிட்டா வாசிக்கறே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வழக்கமாக இதற்குப் பாதி சொன்னாலே அவள் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். வீசட்டும் என்று காத்திருந்தேன். அவள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கூடம் நேராத்தான்டா இருக்கு. முதல் பேப்பரே நல்லாத்தான் இருந்துச்சு. தனி வந்த நாள்லயே எனக்கு மனப்பாடம்."

"அப்புறம் என்ன?"

இடது கையை நீட்டினாள். சுண்டு விரலை மடக்கி நீட்டிக் காட்டினாள். மற்ற விரல்கள் போன பிறகு அது மெதுவாகப் போனது.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். கூட்டத்தோட வாசிக்கறப்போ யாருக்கும் தெரியாது. அந்த ஒரு சுரத்தை விட்டுட்டு வாசிச்சுடுவேன். தனியில எங்க விடறது?"

"டாக்டர்கிட்ட..."

"போயிட்டு வந்தாச்சு. தேய்மானம், இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம்னு சொன்னார். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பேப்பர்னா நீ சரி பண்ணிடுவே. விரலை யாருடா சரி பண்ணுவா?" என்றாள். "பேப்பராவே இருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

என் மனைவி துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி" என்று மட்டும் சொன்னாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வாரமாக அந்தத் தாளை அங்குலம் அங்குலமாகப் பார்த்த நான், அதை வாசிக்கிறவளின் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டாள்.

"தனியை நீ வாசி. நாளைக்கு... என்ன மாட்டேன்? மாஸ்டர் சொல்ற வரைக்கும் காத்திருந்தா எல்லார் முன்னாலயும் என்கிட்டருந்து பிடுங்கி உன்கிட்ட குடுத்த மாதிரி இருக்கும். நானே குடுத்ததா இருக்கட்டும்... அழாதே, கழுதை. பேப்பர் சாயங்காலம் வரும், உக்காந்து பழகு."

போனை வைத்துவிட்டு, ஸ்டூலை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாத்து" என்றாள்.

அவள் ஃபைலில் இருந்து தனியை எடுத்து நெட்டையின் ஃபைலில் வைத்தேன். நெட்டைக்கு அந்த இடத்தில் இருந்த ஓய்வை எடுத்து அக்காவுக்கு வைத்தேன். நான் இழைத்து இழைத்துச் செய்த பக்க அமைப்பு அப்படியே நெட்டையின் தாளுக்குப் பொருந்தியது. தலைப்பில் மட்டும் 'இரண்டாம் வயோலா' என்று இருந்தது. அக்கா திரையை உற்றுப் பார்த்து, "அவ கை நீளம், திருப்பறது அவளுக்கு இன்னும் சுலபம்" என்றாள்.

பிறகு அவளுடைய தாளை ஓட்டினேன். நான் கட்டாயமாகப் போட்டிருந்த முறிவை எடுத்துவிட்டேன், இனி அது தேவையில்லை. தனி இருந்த இடத்தில் தடிமனான ஒரு கோடும் மேலே ஓர் எண்ணும் வந்தது. மொத்தமும் இரண்டே பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. திருப்ப வேண்டிய பக்கமே இல்லை. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. ஒரு வாரம் நான் எதற்காக மாரடித்தேனோ, அது தன்னால் வந்து நின்றது. எனக்கு அந்தத் திரையை உடைத்துவிடலாம் போல இருந்தது.

"அக்கா, அந்த ஓய்வுக்கு மேல தனியைச் சின்ன எழுத்துல போட்டுடறேன். நீ எண்ணிக்கிட்டு உக்கார வேண்டாம். அவ எங்க வாசிக்கறான்னு பாத்துக்கிட்டே வரலாம்" என்றேன். நீளமான ஓய்வு வந்தால் எல்லோருக்கும் அப்படிப் போட்டுக் கொடுப்பதுதான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்டா. அது கண்ணு முன்னால இருந்தா கை சும்மா இருக்காது. நம்பர் போதும், எண்ணிக்கறேன்."

பிரிண்டரில் தாள் வைத்தேன். இரண்டே பக்கம் என்பதால் சீக்கிரம் வந்துவிட்டது.