சாய்தளத்துக்கு ஒரு டிரில்

என் கணவர் நெவிலுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரை கொண்டுபோய்விட்டது. கால் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கால் போன பிறகு அவர் நாள் முழுக்க என் சமையலறையில் உட்கார்ந்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கரண்டிகளை நீளவாரியாக அடுக்குகிறார். நான் வெங்காயம் நறுக்கும் கோணம் தப்பு என்கிறார். கெட்டிலில் தண்ணீர் அதிகம் என்கிறார். எதுவும் சொல்லாத நேரங்களில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். அந்த நேரங்களில் எனக்குப் பயமாக இருந்தது.

அவருக்கு ஒரே மருந்து ஆண்கள் பட்டறை. எங்கள் ஊரான டாரபில்லாவில் பழைய தீயணைப்பு நிலையத்தை ஓய்வு பெற்ற ஆண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மரவேலை செய்யலாம், டீ குடிக்கலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். பெண்கள் உறுப்பினராக முடியாது. டீயோடு தின்ன ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை.

பட்டறை வாசலில் உயரமான ஒரு படி. சக்கர நாற்காலி ஏறாது. ஆளை நாற்காலியோடு தூக்கி ஏற்ற பட்டறை விதி விடாது. ஒரு சாய்தளம் போட்டால் தீர்ந்தது. பலகைகளைக் கை ரம்பத்தால் அறுத்துச் சுவரோரம் அடுக்கியும் வைத்துவிட்டார்கள். ஸ்க்ரூ முடுக்குவதுதான் பாக்கி, கெட்டி மரம், கையால் முடுக்க முடியாது. ஆனால் வாசல் நடைபாதையைப் பார்த்து இருக்கிறது, நடைபாதையில் ஒயர் போட நகராட்சி விடாது. ஆணி அடித்தால் மேலே கிளம்பி டயரைக் கிழிக்கும். ஆகவே ஒயர் இல்லாத, பேட்டரி டிரில் வேண்டும். அதுவும் பட்டறைக்குச் சொந்தமான டிரிலாக இருக்க வேண்டும், உறுப்பினர் வீட்டுக் கருவியை எடுத்துக் கட்டினால் இன்ஷூரன்ஸ் செல்லாது. பட்டறைக்கோ பேட்டரி டிரில் கிடையாது. சரி, ஒன்று வாங்கிவிடுவோம் என்றார் தலைவர் ரெக்ஸ். அன்று இலையுதிர் காலம் ஆரம்பம். அடுத்த கோடையும் வந்துவிட்டது.

ஏன் என்று கேட்கிறீர்களா? நிறம்தான் காரணம். டிரில் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி டிரிலில் நுழையாது. முதல் டிரில் சிவப்பாக அமைந்துவிட்டால் ரம்பம், புல்வெட்டி, கொட்டகை ரேடியோ வரைக்கும் ஆயுசு முழுக்கச் சிவப்புதான். இந்த ஊர் ஆண்களுக்கு அது கம்பெனி அல்ல, குலம். ரெக்ஸ் பச்சை. செயலாளர் கொலின் மஞ்சள். என் வீட்டுக்காரர் சிவப்பு. கொலினின் மருமகன் பச்சை டிரிலோடு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, வான்கோழியை வெட்டும்வரை மேஜையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பட்டறைக்கு எந்த நிறம் வாங்குகிறார்களோ, அந்த நிறம் ஊரை ஆளும். யார் விட்டுக்கொடுப்பார்கள்? ஒவ்வொரு வியாழக்கிழமையும் கமிட்டி கூடியது. நெவில் வாசலில், நடைபாதையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உள்ளே நடப்பதைக் கேட்டார். மழை வந்தால் நான் குடை பிடித்தேன்.

கடைசியில் உழைக்கும் டிரில் எது என்று சோதித்தே பார்த்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று பேரும் அவரவர் டிரிலைக் கொண்டுவந்தார்கள். ஏணி மேலிருந்து கீழே போட்டார்கள். சேற்று வாளியில் முக்கினார்கள். பிறகு பழைய ரயில் தண்டவாளக் கட்டையைத் தூக்கி வாசலில் போட்டு, பேட்டரி சாகும்வரை ஸ்க்ரூ முடுக்கினார்கள். இரும்பைப் போன்ற கட்டை, புகை வந்தது. நெவில் நாற்காலியில் எம்பி எம்பிக் குதித்தார். "அமுக்கு! தோளைக் குடுத்து அமுக்கு! சிவப்புடா அது, சிவப்பு!"

நான் ஸ்கோன் தட்டோடு நின்றேன். முள்ளம்பன்றி மாதிரி ஸ்க்ரூ குத்தி நின்ற அந்தக் கட்டையைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஏன் ரெக்ஸ், இதுல பாதி ஸ்க்ரூவை அந்தப் பலகையில முடுக்கியிருந்தா இந்நேரம் இவர் உள்ள போயிருப்பாரே?"

ரெக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெவ், உனக்குப் புரியல. இது சோதனை. அது வேலை. ரெண்டும் வேற வேற."

"டிரில் ஒண்ணுதானே?"

"சோதனைக்கு இன்ஷூரன்ஸ் கேக்கமாட்டாங்க" என்றார் கொலின்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோலத் தலையாட்டினார். "அவங்க சொல்றது சரி, பெவ்."

சோதனையில் விழுந்தும் பிழைத்தது மஞ்சள், சேற்றில் பிழைத்தது பச்சை, அதிகம் முடுக்கியது சிவப்பு. ஆளுக்கு ஒரு வெற்றி. விஷயம் மறுபடி கமிட்டிக்குப் போனது.

மறு வியாழன் நான் ஊர்க்கோடி ஹார்டுவேர் கடைக்குப் போனேன். வாசலில் யாரோ தேவாலயத்துக்கு நிதி திரட்ட, ரொட்டியில் சாஸேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போனேன். டிரில்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். பாதியை என் மணிக்கட்டு ஏற்கவில்லை. கடையின் சொந்தச் சரக்கு ஒன்று, நீல நிறம், மூலையில் கிடந்தது. கனம் இல்லை. பிடி கைக்குள் அடங்கியது. கூடவே சார்ஜர், இரண்டு பேட்டரி. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று, எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? வாங்கிக்கொண்டேன். நான் டிரில் தேர்ந்தெடுத்த கதை இவ்வளவுதான்.

பேட்டரிகளை சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது உள்ளே கமிட்டி கூடியிருந்தது. நெவில் வழக்கமான இடத்தில் இருந்தார். நான் நடைபாதையில் மண்டி போட்டேன். பலகைக்கு முதலில் சின்னத் துளை, பிறகு ஸ்க்ரூ.

"பெவ், என்ன பண்ற?"

"பாத்தா தெரியல?"

"அது என்ன கலர்?"

"நெவில், பலகையைப் பிடி."

பிடித்தார். முனகிக்கொண்டேதான், ஆனால் பிடித்தார். வெயில் முதுகை உரித்தது, முழங்கால் கல்லில் தேய்ந்தது. உள்ளே ரெக்ஸ் வாரண்டி பற்றிப் பேசுவது கேட்டது. டிரில் சத்தம் அவர்கள் காதில் விழ இவ்வளவு நேரமாகும் என்று நான் நினைக்கவில்லை. கடைசி ஸ்க்ரூவில்தான் தலைகள் கதவுக்கு வெளியே நீண்டன.

முதல் கேள்வி கொலினுடையது. "எத்தனை வோல்ட்?"

நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினேன். சாய்தளம் முனகாமல் தாங்கியது. நெவில் உள்ளே போனார். மரத்தூள் வாசனையை ஒரு மூச்சு இழுத்து, பக்கத்தில் இருந்த மேஜையைக் கையால் தடவினார். அவர் முகம் அப்படி விரிந்து நான் வெகு காலமாகப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி தப்பு கேட்காமல் வெங்காயம் நறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்ததும் உண்மை.

ரெக்ஸ் மேஜையைத் தட்டினார். "அவசரத் தீர்மானம். உறுப்பினர் அல்லாதவர், அங்கீகாரம் இல்லாத கருவியால கட்டின சாய்தளம். யாராவது தடுக்கி விழுந்தா பட்டறையே போயிடும். கழட்டிடணும். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் தூக்கப்பட்டன. கொலின். பச்சைக்காரர்கள். மஞ்சள்காரர்கள். இத்தனை மாதத்தில் அவர்கள் ஒன்றுபட்டு நான் பார்த்தது அன்றுதான். பிறகு, மேஜை ஓரத்திலிருந்து இன்னொரு கை.

"நெவில்!" என்றேன்.

"விதின்னா விதிதான், பெவ்" என்றார் என் கணவர். "சரியான டிரிலால சரியா போட்டுக்கலாம். இந்த நீலம் எல்லாம் நிக்காது."

நான் கோபமாக டிரிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கொலின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"பெவ், கழட்டறதுக்கு… அந்த டிரில் கொஞ்சம் கிடைக்குமா?"

"இது அங்கீகாரம் இல்லாததாச்சே?"

"கட்டறதுக்குத்தான் விதி. கழட்டறதுக்கு ஒண்ணும் எழுதல."

வெட்கம் வரட்டும் என்றுதான் டிரிலை அவர் கையில் திணித்தேன். "தாராளமா கழட்டுங்க. என் புருஷன் உள்ள இருக்காரு. எனக்கு அது போதும். இனி அவர் உங்க பொறுப்பு." காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் முகத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்தேன். ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று நிச்சயமாக நம்பினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் வண்டிச் சத்தம். நாலு பேர் நெவிலை நாற்காலியோடு இறக்கி, சமையலறை மேஜைக்கு முன்னால் வைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டு விடைபெற்றுப் போனார்கள்.

நெவிலுக்கு முகம் சிவந்திருந்தது. பேச்சு முட்டி முட்டி வந்தது. "பெவ், நீ பாத்திருக்கணும்! அத்தனை ஸ்க்ரூவும் கழட்டுச்சு. பேட்டரியில ஒரு புள்ளி இறங்கல. ஏணியிலேர்ந்து போட்டோம், சேத்துல முக்கினோம், ஒண்ணும் ஆகல. ரெக்ஸே அசந்துட்டான். யாரோட குலமும் இல்ல, அதனால யாருக்கும் ஆட்சேபணை இல்ல. நீலம்தான்னு ஒருமனதா முடிவு பண்ணியாச்சு."

"சாய்தளம்?"

"கழட்டியாச்சே."

"சரி. என் டிரிலைக் குடு. காலையில நானே போய் மறுபடி போடறேன்."

"அது எப்படி முடியும்?" நெவில் நான் அடுக்கி வைத்த கரண்டிகளை இழுத்து, நீளவாரியாக வைக்க ஆரம்பித்தார். "மாதிரிக்கு ஒண்ணு வேணும்னு பட்டறை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டோம். புதுசு வாங்கற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாதுன்னு தீர்மானம்."

"யார் போட்ட தீர்மானம்?"

"நான்தான்" என்றார்.