ஓவர்சியர் போட்ட கடையாணி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. தென்காசியில் என் சைக்கிள் பெடல் கழன்றபோது கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் மஜீது, பெடலை மாட்டிக்கொண்டே சொன்னார். அவருக்கு இது ஒரு பின்னைப் பற்றிய கதை, அதாவது பென்சில் கனத்தில் ஒரு பித்தளைத் துண்டு. பெடல் அன்றைக்கே சரியாகிவிட்டது. நான்தான் அன்றிலிருந்து சரியில்லை.

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்:

"குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. மலை முகட்டிலிருந்து மேகங்கள்..."

சே! மேகம் இறங்காத குற்றாலக் கதை ஒன்றாவது உண்டா? அடித்துவிட்டேன்.

"1963, ஆனி மாதம். ரிட்டயர்டு ஓவர்சியர் சிவசைலம் ஒரு மிஷினைக் காலால் உதைத்தார்."

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

சிவசைலம் முப்பது வருஷம் சர்க்காருக்குப் பாலமும் மதகும் கட்டியவர். கட்டி முடித்ததும் ஓங்கி ஒரு உதை விடுவார். அசையாவிட்டால் "பாஸ்" என்பார். அவர் உதைத்த மதகுகள் இன்னும் நிற்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

மிஷின் என்னவென்றால், பஸ் கழுவுகிற பம்பு. தென்காசியில் ஒருத்தர் பஸ் ஷெட்டை மூடியபோது வாங்கி வந்தது. ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் பம்பு, நீளமாக ரப்பர் ஹோஸ், நுனியில் பித்தளைக் குழல். பஸ்ஸின் அடியில் வருஷக்கணக்காக ஒட்டிய சேற்றையும் பிய்த்து எறியும். சிவசைலத்திடம் பஸ் கிடையாது. குற்றாலத்தில் அவர் வீட்டு முற்றத்துப் பாசிக்காகத்தான் இவ்வளவும்.

போன சாரலில் அவர் மனைவி முத்துவடிவு, "ஏங்க, கல்லுல பாசி புடிச்சிருக்கு, சுரண்டி விடுங்க" என்று நாலு நாள் சொன்னாள். நாலு நாளும் அவர் "நாளைக்குப் பாப்போம்" என்றார். ஐந்தாம் நாள் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்து எட்டு மாசமாகிறது. இனி ஓடவே செய்யலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவளோ வாசற்படியைத் தாண்டவில்லை. பயம். அருவிச் சத்தம் கேட்கிற வீட்டில் இருந்துகொண்டு, அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்கிறாள். ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை. அதுதான் மனுஷரைப் போட்டு வாட்டியது. சாரல் வலுப்பதற்குள் முற்றத்தைச் சுத்தமாக்கி அவளைக் கீழே இறக்கிவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

(முறிந்த கால், முறியப்போகும் மிஷின். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு பத்தி எழுதலாமே என்று பேனா கெஞ்சுகிறது. மாட்டேன். கால் கால்தான், பம்பு பம்புதான்.)

3

சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. தண்ணீர் சீறிப் பாய்ந்து ஒரு முழம் கல் வெளுத்தது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். மோட்டார் ஓடுகிறது, பம்பு நிற்கிறது. முன்னால் சொன்ன உதை விழுந்தது இப்போதுதான்.

மோட்டாரில் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட்டும் பம்பின் ஷாஃப்ட்டும் ஓர் இரும்பு வளையத்துக்குள் தலையோடு தலை சேர்கின்றன. இரண்டும் சேர்ந்தே சுழல்வதற்காகக் குறுக்கே அந்தப் பித்தளைப் பின். அது இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"பித்தளையாம்ல பித்தளை! எந்த மடப்பய செஞ்சான் இத?"

பித்தளைக்குப் பதில் இரும்பு ஆணி அடித்தார். ஐந்து நிமிஷம் தாங்கியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டிக்காரர் பலவேசத்திடம் போய், மாட்டு வண்டிச் சக்கரம் கழலாமல் அச்சில் செருகும் கடையாணி ஒன்றைக் கேட்டு வாங்கி, அரை நாள் உட்கார்ந்து அரத்தால் ராவினார்.

ஜன்னலிலிருந்து முத்துவடிவு, "ஏங்க, ரெண்டு தடவ ஒடிஞ்சிட்டுல்லா. உள்ள என்னமும் மாட்டியிருக்கான்னு பாருங்களேன்" என்றாள்.

"ஒனக்குத் தெரியாதுட்டீ. முப்பது வருச சர்வீஸு எனக்கு."

சுவிட்ச் போட்டார். கடையாணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பின் ஷாஃப்ட் ஒடிந்தது.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓர் ஓவர்சியர் இவ்வளவு விவரங்கெட்டவராக இருப்பாரா? கேட்டேன். "சிமிண்டு தெரிஞ்சவருக்கு மிஷினு தெரியணும்னு சட்டமா?" என்றார் மஜீது. சந்தேகம் வாபஸ்.)

4

ஒடிந்த ஷாஃப்ட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த துக்கத்தைப் பார்த்துவிட்டு முன் ஸீட்டு அம்மாள் ஒருத்தி, "எந்தக் கோயில் சிலைங்கய்யா?" என்று கேட்டு, துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பம்பு என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

மஜீது துண்டைப் பிரித்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன பின்னு போட்டிய?"

"கடையாணி." பெருமையாகத்தான் சொன்னார்.

மஜீது சிரித்த சிரிப்பில் குடித்த டீ புரையேறிவிட்டது. "என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டிய! அது ஒடியதுக்குன்னே வச்ச பின்னுலா. உள்ள ஏதும் மாட்டுச்சுன்னா அது ஒடிஞ்சு மிச்சத்தக் காப்பாத்தும். ஒடிஞ்சிச்சுன்னா அது வேலையச் செஞ்சிட்டுன்னு அர்த்தம்."

ஒடிவதற்கென்றே ஒரு சாமான் செய்வார்களா! முப்பது வருஷ சர்வீஸில் அவர் கேள்விப்படாத சங்கதி. வெட்கமாகப் போய்விட்டது.

புது ஷாஃப்ட் லேத்தில் கடைய இரண்டு நாள் ஆயிற்று. மாட்ட மஜீதே குற்றாலம் வந்தார். பம்பைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி பாசியை எடுத்துக் காட்டினார்.

"தொட்டியில தண்ணி எடுக்கிய. சரி. குழாய் வாயில இருந்த சல்லடை எங்கன?"

"தண்ணி மெதுவா வந்துச்சு. கழட்டிட்டேன்."

பாசியைக் கழுவ வந்த மிஷின் பாசியைத் தின்றுவிட்டு நின்றிருக்கிறது! மஜீது அவரைப் பார்த்தார். அவர் தொட்டியைப் பார்த்தார். ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது, மாவு சலிக்கிற சல்லடையோடு.

"இதக் கட்டுங்க, பாய்."

கை உள்ளே போய்விட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேராக இருக்கிறதா என்று மஜீது நூல் பிடித்துப் பார்த்து, வளையத்தை இறுக்கி, பித்தளைப் பின்னைச் செருகினார். உபரியாக நாலு பின்னைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மிஷின் ஓடியது. சாயங்காலத்துக்குள் முற்றத்துக் கல்லெல்லாம் வெளுத்துவிட்டது. முத்துவடிவு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்புறமென்ன, பஸ்ஸு வந்துட்டு. ஏறிட்டேன்" என்றார் மஜீது.

பாவி மனுஷன்!

5

ஆக, மீதி என் தலையில்.

முடிவு ஒன்று: அவள் இறங்குகிறாள், இருவரும் கைகோத்து அருவிக்குப் போகிறார்கள். சினிமாக்காரர்களுக்குப் பிடிக்கும். கிழித்தேன்.

முடிவு இரண்டு: சிவசைலம் வழுக்கி விழ, அவள் பயத்தை மறந்து ஓடி வருகிறாள். ஒரு நாள் முழுக்க இதை மெச்சிக்கொண்டு திரிந்தேன். பிறகு கூச்சமாகிவிட்டது. என் வசதிக்காக வயசான மனுஷரைத் தள்ளிவிடுவதா?

முடிவு மூன்று: "வா முத்து, இந்த முற்றம் வெறும் முற்றமல்ல, இது நம்..." இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான்.

தூறல் விழுகிறது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்:

"இனிமே வழுக்காதுல்லா?"

வழுக்கவே வழுக்காது என்று சொல்ல வாயெடுத்தார். கீழே நனைகிற கல்லைப் பார்த்தார்.

"வழுக்கும், முத்து. பத்து நாள்ல மறுபடி பாசி புடிக்கும். புடிச்சா மறுபடி கழுவுதேன். போன வருசம் நீ சொன்னப்பமே செஞ்சிருக்கணும். செய்யல. எம்மேலதான் தப்பு."

முத்துவடிவு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்லுததுக்கு ஒரு வருசமும் ஒரு பம்பும் வேண்டியிருந்துச்சாக்கும் ஒங்களுக்கு?"

சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்தாள்.

கால் இப்போது படிக்குமேல் அந்தரத்தில் நிற்கிறது. கீழே வைக்க எனக்கு ஒரு வரி போதும். ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அடித்துவிட்டேன். அவள் இறங்க வேண்டுமென்று எனக்கு இருக்கிற ஆசையில் நான் எழுதும் வரியை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த வரியை நீங்களே எழுதிவிடுங்கள். அவசரப்பட வேண்டாம். தரை இன்னும் ஈரமாக இருக்கிறது.