ஓரத்தில் நிற்கும் கூட்டம்

"உள்ளதான் இருக்கு."

"மேடம், அது ஓரத்துல..."

"உள்ளப்பா. அம்பைப் பாரு, எங்க நிக்குது?"

"அம்பு நிக்கிற இடமே ஓரம்தான் மேடம். கொஞ்சம் நகர்த்திப் பார்த்தீங்கன்னா..."

"நகர்த்த வேணாம். ஓரம் எது, உள்ள எதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நேத்தா பார்க்கறேன்?"

ஒரே நுண்ணோக்கி, பார்ப்பதற்கு இரண்டு பக்கமும் குழாய்கள், இடத்தைச் சுட்டிக்காட்ட உள்ளே ஓர் ஒளி அம்பு. ஒரு பக்கம் டாக்டரம்மா, எதிர்ப்பக்கம் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளைய டாக்டர். இருவர் கண்ணும் ஒரே கண்ணாடித் துண்டில்தான் இருந்தது. ஒரு பெண்ணின் நுரையீரல் கட்டியிலிருந்து சீவி எடுத்த துணுக்கு. கட்டியின் செல்கள் நீலத் தீவுகளாகக் கிடந்தன. அவற்றைக் கொல்ல உடம்பு அனுப்பிய காவல் செல்களுக்கு மட்டும் பழுப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பழுப்புப் புள்ளிகள் தீவுக்குள் இறங்கியிருந்தால் அந்தப் பெண்ணைப் புது மருந்து ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வார்கள். கரையிலேயே நின்றுவிட்டிருந்தால் மாட்டார்கள். இரண்டு டாக்டர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் முடிவு செல்லும்.

இளையவர் கையை நீட்டி, திருகுக் குமிழைச் சுழற்றித் துண்டை மெல்ல நகர்த்தினார். அடுத்த தீவு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எல்லாவற்றிலும் கரை முழுக்கப் பழுப்பு. உள்ளே வெறும் நீலம்.

"மேடம், நீங்க ஒரு ஸ்லைடுக்காக இப்படி மல்லுக்கு நின்னு நான் பார்த்ததே இல்ல. யாரோடது இது?"

டாக்டரம்மா சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் தங்கச்சியோடது."

சொந்தக்காரர்களின் துணுக்கை அந்த ஆய்வகத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவர்தான்.

"நீங்க இதைத் தொட்டே இருக்கக் கூடாது."

"தெரியும்."

"நான் வேற ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கறேன் மேடம். ஆனா பார்த்ததைத்தான் எழுதுவேன்."

"எழுது. வேற என்ன எழுதுவே?" அவர் குரல் இறங்கியது. "காலையிலேயே அவகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன்பா. உள்ள இருக்குடி, சேர்த்துக்குவாங்கன்னு."

இளையவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு தட்டப்பட்டது. வந்தவளைப் பார்த்ததும் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் மூக்கு அப்படியே இருந்தது. நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு வெளியே போனார்.

"என்னக்கா, அந்தப் பையன் பேயைப் பார்த்த மாதிரி ஓடுறான்? சரி, இங்க பாரு. எப்படி?"

தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நரை ஒன்றுகூட இல்லை. புதிதாகப் பழுப்புச் சாயம் பூசியிருந்தாள். காதோரம் தோலிலும் அது ஒட்டியிருந்தது.

"எதுக்குடி இப்ப இது?"

"எதுக்காம்! இந்த மருந்துன்னா பெரும்பாலும் முடி கொட்டாதுன்னு நீதானே சொன்னே? தலையில தங்கப்போற முடி, கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமே. ஃபோனை வச்சதும் கடைக்குப் போயிட்டேன்."

"முதல்ல உட்காரு."

"உட்காரத்தானே வந்தேன். நீ என் வீட்டுக்கு வந்தா பழப்பையை வாசல்ல நீட்டிட்டு, வண்டி நிக்குதுன்னு ஓடிருவே. நானாவது உன் இடத்துல உள்ள வந்து உட்கார்றேன்." இளையவரின் நாற்காலியில் அமர்ந்தாள். "இதுலதான் நான் இருக்கேனா? காட்டேன்."

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"என் உடம்பு, என் கட்டி. நான் பார்க்கக் கூடாதா?"

அக்கா பதில் சொல்வதற்குள் குனிந்துவிட்டாள்.

"என் இமைதான் தெரியுது."

"கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரு."

"அடேங்கப்பா!" சத்தம் போட்டுச் சிரித்தாள். "இவ்ளோ கூட்டமா? வீட்டுல பேச ஆளில்லாம டிவியில செய்தி வாசிக்கிறவளுக்கு நான் பதில் சொல்லிக்கிட்டுக் கிடக்கேன். உள்ள பார்த்தா பஸ் ஸ்டாண்டு மாதிரி ஜேஜேன்னு இருக்கு. யாருக்கா இவங்கல்லாம்? நீலமா இருக்கே, அது?"

"அதான் கட்டி."

"நூல் நூலா சுத்தி இருக்கறது?"

"உன் உடம்போட சாதாரண செல்லுதான். புண்ணு வந்தா ஆத்தறது அதோட வேலை. இங்க கட்டிக்கு வேலி போட்டுக் குடுத்திருக்கு."

"இந்தத் தொந்திக்காரன்?"

"குப்பையை விழுங்கறது. உனக்குக் காவலுக்குன்னுதான் வந்துச்சு. வந்த இடத்துல அந்தப் பக்கம் சேர்ந்துக்கிச்சு."

"நம்ம சித்தப்பா மாதிரி! எனக்காக நியாயம் கேட்கறேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட போயி, அவரோட உட்கார்ந்து நல்லாச் சாப்பிட்டுட்டு வந்தாரே."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கேள்வி என்ன என்று தெரிந்ததும் அது நின்றது.

"அப்ப இந்தப் பழுப்பு? என் தலை கலராவே இருக்கே."

"அதான் உன் ஆளுங்க. சண்டை போட வந்தவங்க."

"எவ்ளோ பேரு, பாவம்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "காலையில உள்ள இருக்குன்னியே, இந்த நீலத்துக்கு உள்ளயா?"

"ஆமா."

"அதுக்குள்ள யாரையும் காணோமேக்கா."

அக்கா வெறுங்கையை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இல்லடி. ஓரத்துலதான் நிக்குதுங்க. உள்ள இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே பார்த்தேன், இருக்கற மாதிரியே தெரிஞ்சுது. உன்கிட்டயும் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"அப்ப சேர்த்துக்க மாட்டாங்க."

"இதுல மாட்டாங்க. வேற மருந்து இருக்கு."

"முடி கொட்டற மருந்து."

"கொட்டும். திரும்ப வந்துரும்."

தங்கை கண்ணை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த அக்காவுக்கு அவள் முகம் தெரியவில்லை. குனிந்த தலையின் வகிடும் அதன் ஓரத்தில் கழுவியும் போகாத சாயமும்தான் தெரிந்தன. தங்கையின் விரல் அந்தத் திருகுக் குமிழைத் தேடிப் பிடித்து, இளையவர் செய்தது போலவே துண்டை மெல்ல நகர்த்தியது. ஒரு தீவு. இன்னொரு தீவு.

"அக்கா, இவ்ளோ தூரம் என்னைத் தேடி வந்தவங்க... எதுக்கு வாசலோடயே நின்னுட்டாங்க?"