தூது போன கேப்டன்

பிற்பகலில் வானம் இப்படிக் கறுத்துக்கொண்டு வரும் என்று வானிலை அலுவலகம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அன்று மைக்கைப் பிடிக்க அவள் ஒருத்திதான் இருந்தாள். மாற்று ஆள் தண்ணீர் தேங்கிய சாலையில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் தொண்டை கட்டிப்போய் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. முந்தாநாளிலிருந்து கை ஜாடையிலேயே அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். அதனால் அலுவலகம் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

ரேடார் திரையில் இரண்டு புள்ளிகள். மேலே வட்டமடித்துக் காத்திருந்தது ஒரு பெரிய பயணிகள் விமானம். கீழே, இடிமேகத்தை ஒட்டி, ஒரு குட்டிச் சரக்கு விமானம். அதில் பெட்டி பெட்டியாகக் கோழிக்குஞ்சுகள். ஓட்டிக்கொண்டு வந்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய மாமியார் வீட்டார் முன்னால், "மைக்கைப் பிடிச்சுட்டா இவளே பிளேன் ஓட்டுற மாதிரி நெனப்பு" என்று அவன் சிரித்துவிட்டான். "செத்தாலும் உன்கூட பேச மாட்டேன்" என்றாள் அவள். அவனும் அதையே திருப்பிச் சொன்னான். பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அதன் பிறகு அவன் விமானம் வரும்போதெல்லாம் மைக்கை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். இன்று அதற்கு வழியில்லை.

தொடர்பு சரியில்லாத நேரத்தில், மேலே பறக்கும் விமானத்தின் மூலம் கீழே இருப்பவருக்குச் செய்தி சொல்லி அனுப்புவது அந்தத் தொழிலில் உள்ளதுதான். அன்று தொடர்பு நன்றாகத்தான் இருந்தது.

"கேப்டன்," என்று பெரிய விமானத்தைக் கூப்பிட்டாள். "கோழிக்குஞ்சு கொண்டு வர்றவர்கிட்ட சொல்லுங்க, வலப்பக்கம் இருபது டிகிரி திரும்பணும்."

"நீங்க பேசறது அவருக்கே கேக்குமேம்மா?"

"கேக்கும். நீங்க சொல்லுங்க."

கேப்டன் சொன்னார். கீச்சுகீச்சென்ற இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது: "டவர்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க கேப்டன், திரும்பியாச்சு. எவ்வளவு உயரத்துக்கு இறங்கணும்னு கேளுங்க."

"மூவாயிரம் அடின்னு சொல்லுங்க."

"மூவாயிரமாம்பா," என்றார் கேப்டன். "என் பின்னாடி நூத்தம்பது பேர் உக்காந்திருக்காங்க. நான் இங்க பஞ்சாயத்து பண்ணிட்டிருக்கேன்."

மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துக் கை கூப்பினார். வாய் பேச முடியாத மனிதர் கும்பிடுவதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதலில் அண்ணன் பேசட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேகம் நகர்ந்தது. திரையில் இடிமேகத்தைக் காட்டும் சிவப்பு மொத்தமும் குட்டிப் புள்ளிக்கு நேரே வந்து நின்றது.

"கேப்டன், அவரை உடனே இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்க!"

கேப்டன் சொன்னது இடிச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

"நீங்க சொன்னது கேக்கல கேப்டன்," என்றான் அண்ணன்.

தங்கை சொன்னது கேட்டிருக்கும். கேட்டும் கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான், பாவி. புள்ளி சிவப்பின் விளிம்பைத் தொட்டது. குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து அலறின. அவள் நேராகவே கத்தினாள்.

"டேய் அண்ணா! இடப்பக்கம் திரும்புடா, எருமை!"

திரையில் புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு, "திரும்பிட்டேன்," என்றான். "விடாம பேசிக்கிட்டே இரும்மா. எனக்குக் கண்ணு முன்னாடி ஒண்ணுமே தெரியல."

பேசினாள். இன்னும் கொஞ்சம் இடது, அப்படியே இறங்கு, காத்து குறுக்கே தள்ளும் விட்டுடாதே, பயப்படாதேண்ணா, நான் இருக்கேன். இடையிடையே இரண்டு வருஷத் திட்டும் சேர்ந்து வந்தது. அவன் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றான். கொட்டும் மழைக்குள்ளிருந்து விமானம் வெளிப்பட்டு, ஓடுபாதையில் ஒரு தரம் துள்ளி, ஓடி, வேகம் குறைந்தது. மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

"டவர், அடுத்து நான்," என்றார் கேப்டன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முறைப்படி விமானத்தின் எண்ணைச் சொல்லி, திசையும் உயரமும் கொடுத்தாள்.

"உங்க சண்டையில எனக்கு பயமே தெரியலம்மா," என்றார் கேப்டன். "இப்பதான் தெரியுது. கையெல்லாம் வேர்க்குது. நம்பரெல்லாம் வேணாம். அவரை இறக்கின மாதிரியே என்னையும் இறக்கிடுங்களேன்."

அவள் மைக்கை அழுத்தினாள். "சரிண்ணா. மெதுவா இடப்பக்கம் திரும்புங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

கீழே ஓடுபாதையிலிருந்து எரிச்சலாக ஒரு குரல் குறுக்கிட்டது. "யாருக்கு யாரு அண்ணன்?"

"நீ பாதையை விட்டு ஓரமா போ," என்றாள். "தரையைத் தொடுற வரைக்கும் எல்லாரும் எனக்கு அண்ணன்தான்."